ஒரே கிண்ணம், வேறு வேறு உலை
பரட்டை அண்ணன் பாட்டுகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் போடும் நாள். ஞாயிற்றுக்கிழமை அது கரையும் நாள். இரண்டுக்கும் இடையில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில்தான் இந்த ஊரின் கலாச்சாரம் என்று எதைச் சொல்கிறோமோ அது நடக்கிறது. பனியன் கம்பெனிக்காரர்கள் கட்டிய கல்யாண மண்டபங்களில் நடப்பது வேறு. நான் சொல்வது லைன் வீடுகளின் வாசலில், மளிகைக்கடை மாடியில் வாடகைக்கு எடுத்த ஹாலில், தகரக் கொட்டகையில் நடப்பதை. தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை என்று தெற்கிலிருந்து பஸ் ஏறி வந்து ஓவர்லாக்கிலும் செக்கிங்கிலும் உட்கார்ந்துவிட்டவர்கள் தங்கள் ஊரைத் திரும்ப ஒருமுறை உண்டாக்கிப் பார்க்கிற இடங்கள் அவை.

அப்படி ஒரு மாடி ஹாலில், ஒரு டிசம்பர் மாத ஞாயிற்றுக்கிழமையில், நண்பர் ஒருவர் கூப்பிட்டாரே என்று போய் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. பாட்டு கேட்கப் போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். கீபோர்டு வாசிக்க வேண்டிய பையனுக்கு அன்றைக்கு ஒன்றரை ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமையானாலும் அவசர ஷிப்மெண்ட் என்று நிறுத்திக்கொண்டார்களாம். வாத்தியம் இல்லை. கொஞ்ச நேரம் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் தேனிப் பக்கத்து அக்கா ஒருவர், நாற்பத்தைந்து வயதிருக்கும், செக்கிங் வேலை, எழுந்து நின்று கைதட்டிப் பாட ஆரம்பித்தார். கும்மி நடை. ஒரு அடியை அவர் பாட, மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடினார்கள். இரண்டாவது சுற்றில் அவர் தானாக ஒரு சரணத்தைச் சேர்த்தார். மெஷின், பீஸ் ரேட்டு, சனிக்கிழமை வரவேண்டிய காசு எல்லாம் அதற்குள் வந்தன. ஹாலில் சிரிப்பு எழுந்தது. பிறகு சிரிப்பு அடங்கிப் பாட்டு மட்டும் நின்றது.

எனக்கு அந்த மெட்டு தெரியும். மதுரையில் எம்.ஏ. படித்த காலத்தில் அரசரடிப் பக்கத்து நண்பர்கள் பாடிக் கேட்டது. முடிந்ததும் அவரிடம் போய், "அக்கா, இது பரட்டை அண்ணன் பாட்டுங்க" என்றேன், ஏதோ கண்டுபிடித்துவிட்டவன் மாதிரி. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எங்க ஊருக்கு வந்த ஐயரு சொல்லிக் குடுத்தது தம்பி. யாரு போட்டா என்ன, பாட்டு நம்ம பாட்டுதான?" என்றார்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் முயற்சி. யார் போட்டால் என்ன?

2

ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940-2005) தென்னிந்தியத் திருச்சபையின் குருவானவர். மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தொடர்பியலும் வழிபாட்டு இசையும் கற்றுக்கொடுத்தவர். தலித். பாட்டு எழுதி, மெட்டமைத்து, தானே பாடியவர். 1986இல் நாட்டார் வழக்காறுகளைச் சமூக மாற்றத்துக்கான கருவியாக எப்படிக் கையாளலாம் என்று ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். 1994இல் வந்த அவருடைய 'கிராமிய இசை வழிபாடு' ஒரு முழு ஆராதனை முறையையும் நாட்டுப்புற மெட்டுக்களிலும் பேச்சுத் தமிழிலும் அமைத்தது. இவ்வளவும் ஒரு கல்லூரி மலரில் போடக்கூடிய தகவல்கள்தான்.

ஆனால் அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் மலரில் அடங்காது. 'பரட்டை.' எண்ணெய் வைத்து வாராத தலை. தமிழ்ச் சமூகத்தில் தலைமுடியை வாரிக்கொள்வது சாதி விஷயம், வர்க்க விஷயம். பரட்டைத்தலை என்பது ஒரு வசை. 1977இல் வந்த '16 வயதினிலே' படத்தில் ஊர்ப் பொறுக்கிக்கு வைத்த பெயரும் அதுதான் என்பது நம் தலைமுறை வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்த வசையை எடுத்துத் தன் கலைப்பெயராக ஒரு குருவானவர் சூட்டிக்கொண்டபோது என்ன நடந்தது என்பதைத் திருச்சபையின் அன்றாட வழக்கோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

தென்மாவட்டச் சபைகளில் குருவானவரை 'ஐயர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மனைவி 'ஐயரம்மா'. சேரியில் பிறந்து, இறையியல் படித்து, அங்கி மாட்டிக்கொண்டு வரும் தலித் இளைஞனும் அந்த நாளிலிருந்து ஐயர்தான். இதை ஒரு வெற்றி என்று வாசிக்கவும் வழியுண்டு. பார்ப்பனருக்கு மட்டும் உரிய சொல்லை ஒரு பறையர் கைப்பற்றிவிட்டார் அல்லவா! ஆனால் கைப்பற்றிய சொல் கைப்பற்றியவனையும் பிடித்துக்கொள்கிறது. படிநிலை அப்படியே நிற்கிறது, அதில் நிற்கிற ஆள் மட்டும் மாறுகிறார். தியோபிலஸ் அப்பாவு ஐயராக இருக்கச் சம்மதிக்காமல் அண்ணனாக இருந்தார். மாணவர்களும் கிராமத்துச் சனங்களும் அவரைப் 'பரட்டை அண்ணன்' என்றே கூப்பிட்டார்கள். மேலே இருந்து ஆசீர்வதிக்கும் உறவு போய், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் உறவு வந்தது. அவருடைய பாட்டுகளின் இறையியல் முழுவதும் இந்த உறவுப்பெயருக்குள்ளேயே சுருங்கிக் கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

தேனி அக்காவுக்குப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு 'ஐயர்'. அந்த ஐயருக்கு, நேரடியாகவோ கைமாறியோ, கொடுத்தவர் ஒரு 'அண்ணன்'. வழியில் அண்ணன் உதிர்ந்துபோனார். இது எப்படி நடந்தது?

3

தமிழ்க் கிறிஸ்தவப் பாட்டின் வரலாற்றைச் சாதியை விட்டுவிட்டு எழுத முடியாது. எழுதியிருக்கிறார்கள், அது வேறு விஷயம்.

1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். அடுத்து வந்த நூற்றாண்டு முழுக்க ஜெர்மன் மெட்டுகளுக்குள் தமிழ்ச் சொற்களைத் திணிக்கும் வேலை நடந்தது. ஞானப்பாட்டுகள், பாமாலைகள் என்று இன்றும் பாடப்படுபவற்றின் வம்சாவளி அதுதான். இதற்கு மாற்றாக வந்தது கீர்த்தனை. அதன் பெரிய ஆளுமை தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864). மிஷனரி சுவார்ட்ஸிடம் வளர்ந்தவர், பிற்காலத்தில் மன்னரான இரண்டாம் சரபோஜியோடு உடன் பயின்றவர், 'பெத்லகேம் குறவஞ்சி' செய்தவர். தமிழ் மரபின் இசைக்கும் சிற்றிலக்கிய வடிவங்களுக்கும் கிறிஸ்தவத்துக்குள் இடம் பிடித்துக்கொடுத்த பெருமை அவருடையது. அதில் சந்தேகமில்லை. 1853இல் அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் இவ்வகைப் பாட்டுகளைத் தொகுத்து அச்சிட்ட பிறகு, தஞ்சையின் கீர்த்தனை மதுரைச் சீமைக் கிராமங்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

ஆனால் 1820களில் தஞ்சைச் சபையில் நடந்த சண்டையையும் சேர்த்தே பேச வேண்டும். புதிதாக வந்த மிஷனரிகள் வெள்ளாளரும் பறையரும் தனித்தனியாக உட்கார்வதை எதிர்த்தார்கள், திருவிருந்தில் ஒரே கிண்ணத்திலிருந்து பருக வேண்டும் என்றார்கள், வழிபாட்டுப் பாட்டுகளிலும் கை வைத்தார்கள். வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் எதிர்த்து நின்றார்கள். சாஸ்திரியார் நின்றது அவர்கள் பக்கம். 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையை உடனடியாகவும் அறுதியாகவும் விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். சபையை விட்டுப் போனவர்கள் உண்டு.

இந்த வரலாற்றில் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ் இசையைக் காப்பாற்றிய குரலும் சாதியைக் காப்பாற்றிய குரலும் ஒரே தொண்டையிலிருந்து வந்திருக்கின்றன. சாதிக்கு எதிராகப் பேசிய வெள்ளைக்கார மிஷனரிக்கோ உள்ளூர் இசை என்பதே தொந்தரவாக இருந்தது. ஐரோப்பிய மெட்டா, தமிழ் மெட்டா என்று கேள்வியை வைத்துக்கொண்டால் சாஸ்திரியார் நம் ஆள். வெள்ளாளர் தெருவா, பறையர் தெருவா என்று வைத்துக்கொண்டால் கதை தலைகீழ். அதற்குப் பின் நூறு வருஷத்துக்கும் மேலாக 'சுதேசமயமாதல்' என்ற பெயரில் திருச்சபைக்குள் வந்ததெல்லாம் இந்தச் சிக்கலைத் தொடாமலே வந்தன. இந்தியமயம் என்றால் வீணை, குத்துவிளக்கு, ராகம், தாளம். தமிழகக் கிறிஸ்தவர்களில் பெரும்பான்மையோர் தலித்துகள். அவர்கள் வீட்டில் வீணை எங்கே இருந்தது? அவர்கள் ஏற்கெனவே அந்நியமாக இருந்த ஆர்கனிலிருந்து, அதே அளவுக்கு அந்நியமான தம்பூராவுக்கு மாற்றப்பட்டார்கள்.

மொழியிலும் இதேதான். 'தேவரீர்', 'பிதா', 'குமாரன்', 'கிருபை' என்று வேதப்புத்தகத் தமிழ் தனக்கென்று ஒரு உயரத்தைக் கட்டிக்கொண்டது. களத்துமேட்டில் பேசுகிறவள் கடவுளோடு பேச வேண்டுமானால் முதலில் தன் நாக்கை மாற்றிக்கொள்ள வேண்டும். தலித் பெண் ஜெபம் செய்கிறபோது அவளுடைய சொந்தத் தமிழ் வாசலில் செருப்போடு நிற்கிறது.

பரட்டை அண்ணனின் தலையீடு இந்த இடத்தில். அவர் பாமாலைக்கும் கீர்த்தனைக்கும் நடுவில் சமரசம் தேடவில்லை. கும்மி, தாலாட்டு, ஒப்பாரி, வேலைப்பாட்டு இவற்றின் நடைகளையும், கூடவே அவற்றைப் பாடுகிற வாய்களின் மொழியையும் எடுத்தார். கர்த்தர் கற்பித்த ஜெபத்தை அவர் பேச்சுத் தமிழில் அமைத்தபோது கடவுள் பரமண்டலத்துப் பிதா என்ற இருக்கையிலிருந்து இறங்கி, நம்மைப் பெற்றெடுத்தவர் ஆனார். பெற்றவர் என்ற சொல்லில் அப்பனும் உண்டு, அம்மாவும் உண்டு. பெண்ணிய இறையியலாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியதைத் தமிழ்ப் பேச்சுவழக்கின் ஒரே ஒரு சொல் சாதித்துவிட்டது.

4

இசையில் அவருடைய பெரிய சவால் பறை.

பறை சாவு மேளம். ஊர்க்காரன் வீட்டுச் சாவுக்குக் கூலியில்லாமல், அல்லது கூலி என்ற பெயரில் கொஞ்சம் சாராயத்துக்கும் நெல்லுக்கும், அடிக்க வேண்டிய கடமை பறையருடையது. கிறிஸ்தவம் ஏற்றபோது பல இடங்களில் இந்தக் கடமையை உதறினார்கள். மிஷனரிகள் பறையைப் பேய் வழிபாட்டோடு சேர்த்துப் பார்த்தார்கள் என்பது ஒரு காரணம். தலித்துகளுக்கே அதைக் கீழே போடுவது சுயமரியாதையாக இருந்தது என்பது இன்னொரு காரணம். பறையைத் தொடமாட்டோம் என்று சொன்னதற்காக அடிவாங்கிய, ஊரைவிட்டு விரட்டப்பட்ட தலித்துகளின் கதைகள் நம் மாவட்டங்கள் தோறும் உண்டு. அப்படியிருக்க, அந்தப் பறையை ஒரு தலித் குருவானவர் ஆராதனைக்குள் கொண்டுவந்தால் சபையார் முகம் சுளித்ததை வெறும் மேட்டிமை என்று தள்ளிவிட முடியுமா? தாத்தா கீழே போட்டதைப் பேரன் ஏன் எடுக்கிறான்?

முடியாது என்றே நினைக்கிறேன். தாத்தா கீழே போட்டதும் விடுதலை, பேரன் கையில் எடுத்ததும் விடுதலை. இடையில் மாறியது பறை இல்லை, யாருடைய உத்தரவுக்கு அது அடிக்கப்படுகிறது என்பதுதான். நிலவுடைமையாளனின் பிணத்துக்கு முன்னால் அடிப்பதும், தன் கடவுளுக்கு முன்னால் தன் இஷ்டப்படி அடிப்பதும் ஒரே தாளமாக இருக்கலாம். ஒரே செயல் ஆகாது.

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கக் கறுப்பர்களின் கதை உதவும். தாமஸ் டோர்சி (1899-1993) ஜார்ஜியாவில் ஒரு பாப்டிஸ்ட் போதகரின் மகன். 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் மா ரெய்னியோடு சேர்ந்து புளூஸ் வாசித்தவர். புளூஸ் என்பது சாராயக் கடைக்கும் விபச்சார விடுதிக்கும் உரிய சாத்தானின் இசை என்பது அன்றைய மரியாதைப்பட்ட கறுப்புச் சபைகளின் தீர்ப்பு. வெள்ளையருக்குச் சமமாக நிமிர வேண்டுமானால் வெள்ளையரின் துதிப்பாட்டைத் திருத்தமாகப் பாட வேண்டும் என்று அவர்கள் நம்பினார்கள். நம் சபையார் கீர்த்தனையை நம்பிய மாதிரி. 1932இல் பிரசவத்தில் மனைவியையும் பிறந்த குழந்தையையும் பறிகொடுத்த டோர்சி, அந்தத் துக்கத்திலிருந்து எழுதிய பாட்டு புளூஸின் முனகலைத் தேவாலயத்துக்குள் இழுத்துவந்தது. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கின் இறுதிச் சடங்கில் மகாலியா ஜாக்சன் பாடியது அதைத்தான். அதே கால ஓட்டத்தில் சிஸ்டர் ரொசெட்டா தார்ப் (1915-1973) எலெக்ட்ரிக் கிதாரை மாட்டிக்கொண்டு சுவிசேஷம் பாடினார். பின்னாளில் ராக் என்று உலகம் கொண்டாடிய இசையின் தொடக்கங்களில் அவர் கை இருக்கிறது. ஆனால் ராக் இசையின் கௌரவ மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தது 2018இல். செத்து நாற்பத்தைந்து வருஷம் கழித்து.

ஒப்பாரிக்கும் புளூஸுக்கும் ஒற்றுமை சொல்வது இங்கே பலரும் செய்கிற வேலை. பெரும்பாலும் அது ரசனைக் குறிப்போடு நின்றுவிடும். நான் சொல்ல வருவது அமைப்பு சார்ந்த ஒற்றுமை. இரண்டு இடங்களிலும் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட ஓசையை, அதே ஒதுக்கப்பட்டவர்கள், தாங்கள் நுழைந்த புனித இடத்துக்குள் எடுத்துப்போகிறார்கள். இரண்டு இடங்களிலும் முதல் எதிர்ப்பு சொந்த ஆட்களிடமிருந்து வருகிறது. டோர்சிக்கு இருந்த ஒரு வசதி பரட்டை அண்ணனுக்கு இல்லை. சிகாகோவில் இசைத்தட்டுச் சந்தை இருந்தது, பாட்டை அச்சிட்டு விற்க வழி இருந்தது, கறுப்பர்களுக்கென்று தனிச் சபைகள் இருந்தன. இங்கே சபையும் கலப்பு, சந்தை சினிமாவுடையது. 1976இல் 'அன்னக்கிளி' வந்ததிலிருந்து நாட்டுப்புற மெட்டு என்றாலே காதுக்கு இளையராஜாதான். கிராமத்துச் சனங்களுக்கே தங்கள் மெட்டு சினிமா வழியாகத் திரும்பிவந்து சேர்ந்த காலம் அது.

இதிலும் பரட்டை அண்ணன் தெளிவாக இருந்தார். அவருக்கு நாட்டுப்புற இசை என்பது அருங்காட்சியகப் பொருள் இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்து, மாற்றி, திரும்பக் கொடுக்கக்கூடியது என்பதாலேயே அது ஒடுக்கப்பட்டவர்களின் இசை என்றார். பாட்டைக் கேட்டவர் அடுத்த நாள் தன் வார்த்தையைப் போட்டுப் பாடினால்தான் அது பரவியதாக அர்த்தம். நா. வானமாமலை மரபில் நாட்டார் பாடல்களைத் தொகுத்தும் வகைப்படுத்தியும் வந்த நமக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான். நாம் பாட்டைப் பாதுகாக்க நினைத்தோம். அவர் பாட்டைச் செலவழிக்க நினைத்தார்.

5

இனி உலை.

அப்பாவுவின் இறையியலில் திரும்பத் திரும்ப வருகிற படிமம் 'ஒரு உலை'. ஒரே பானையில் பொங்கி ஒன்றாய் உட்கார்ந்து உண்பது. கூட்டுக்குடும்பத்தின் அடையாளம் அது. தமிழில் ஒரு குடும்பம் உடைந்துவிட்டது என்பதற்கு உலை தனியாகிவிட்டது என்றுதானே சொல்கிறோம்? அன்றன்றுள்ள அப்பத்தைத் தாரும் என்ற ஜெபத்தை அவர் ஒரு உலையில் பங்கிட்டுத் தின்பதாக மாற்றி வாசித்தார். அப்பம் தனித்தனியாகக் கேட்டு வாங்கலாம். உலை அப்படி இல்லை. ஊரே அரிசி போட வேண்டும்.

இந்த இடத்தில் 1820களின் தஞ்சையை மறுபடி நினைத்துக்கொள்ள வேண்டும். அன்று சண்டை கிண்ணத்தைப் பற்றியது. கிண்ணச் சண்டையில் மிஷனரிகள் மெல்ல மெல்ல ஜெயித்தார்கள். இன்று திருவிருந்தில் ஒரே கிண்ணத்தில் பருகாத சி.எஸ்.ஐ. சபை என்று ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல யாருக்கும் துணிச்சல் வராது. ஆனால் மாதத்துக்கு ஒருநாள் ஒரே கிண்ணத்தில் வாய் வைத்தவர்கள் வருஷம் முந்நூற்றைம்பது நாளும் வேறு வேறு உலையில் பொங்குகிறார்கள். பெண் எடுப்பது, கொடுப்பது வேறு வேறு தெருவில். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்த தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து வைக்க எழுப்பிய சுவர் ஊரறிந்தது. 2008இல் இறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் சம உரிமை கேட்டதற்கு விளைவு மோதல், துப்பாக்கிச் சூடு, சாவு. சடங்கில் சமத்துவத்தை அனுமதித்து வாழ்க்கையில் அதைத் தடுப்பது எப்படி என்பதைச் சாதி நன்றாகக் கற்றுவைத்திருக்கிறது. கிண்ணத்திலிருந்து உலைக்குப் போ என்று பரட்டை அண்ணன் சொன்னது இந்தத் தந்திரத்தைக் குறிவைத்து.

அரசும் தன் பங்குக்கு உலையைப் பிரித்தது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் வெளியேதான். ஊர் அவர்களைப் பறையர் என்கிறது, சட்டம் கிறிஸ்தவர் என்கிறது, சபை ஆத்துமாக்கள் என்கிறது. அரவிந்த் நிர்மல் 1981இல் பெங்களூரில் பேசிய பேச்சிலிருந்து தலித் இறையியல் என்ற சொல்லாடல் எழுந்ததும், 1992இல் பாமாவின் 'கருக்கு' மதுரையிலிருந்து வந்ததும், 1994இல் 'கிராமிய இசை வழிபாடு' வந்ததும் ஒரே வரலாற்றுக் கொதிநிலையின் வெவ்வேறு குமிழிகள். 'கருக்கு' நம் பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டது. வழிபாடு வரவில்லை.

6

ஏன் வரவில்லை என்பதற்குச் சபையை மட்டும் குற்றம் சொல்வது சௌகரியமானது. நம்மையும் சொல்லிக்கொள்ள வேண்டும்.

இன்குலாப்பின் 'மனுசங்கடா'வைக் கே.ஏ. குணசேகரன் குரலில் கேட்டு மேடைகளில் கண்கலங்கினோம். கத்தாரைக் கொண்டாடினோம். 2018இல் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் ராக்கையும் ராப்பையும் பறையையும் ஒரே மேடையில் கலந்தபோது இப்படியொன்று இதுவரை நடந்ததே இல்லை என்று எழுதினோம். இருபது இருபத்தைந்து வருஷம் முன்னாலேயே மதுரையில் ஒருவர் ஒடுக்கப்பட்டவர்களின் இசையையும் சாதி, வர்க்கம், பாலினம் மூன்றையும் சேர்த்துப் பேசிய அரசியலையும் கோர்த்துப் பாடிக்கொண்டிருந்தார் என்பது நம் கண்ணில் படவில்லை. காரணம் எளிமையானது. அவர் கழுத்தில் குருவானவரின் பட்டை இருந்தது. விசுவாசம் என்ற வார்த்தை வந்த உடனே நம் சிறுபத்திரிகை அறிவு கதவைச் சாத்திக்கொள்கிறது. மதம் மக்களின் அபின் என்ற வரியைத் தெரிந்துவைத்திருக்கிறோம். அதே இடத்தில், இதயமற்ற உலகின் இதயம் என்றும் மார்க்ஸ் சொல்லியிருப்பதை வசதியாக மறந்துவிடுகிறோம். நாட்டார் தெய்வங்களைப் பற்றி எழுத நமக்குத் தயக்கமில்லை. அங்கே நாம் ஆய்வாளர்கள். ஞாயிற்றுக்கிழமை கைதட்டிப் பாடும் பனியன் தொழிலாளியிடம் மட்டும் போலிப் பிரக்ஞையைத் தவிர வேறெதுவும் தெரிவதில்லை.

அவரைப் பற்றிய விரிவான நூலை எழுதியவர் ஸோயி ஷெரினியன் என்ற அமெரிக்க இசையியலாளர். 2014இல் இந்தியானா பல்கலைக்கழகப் பதிப்பகத்திலிருந்து ஆங்கிலத்தில் வந்தது. களத்தில் இருந்து, மெட்டுகளை ஆராய்ந்து, பாட்டைக் கற்றுக்கொண்ட மாணவர்கள் கிராமங்களுக்குக் கொண்டுபோன வழித்தடத்தையும் பின்தொடர்ந்து எழுதியிருக்கிறார். நன்றி சொல்ல வேண்டிய உழைப்பு. கூடவே வெட்கப்பட வேண்டிய தகவலும்கூட.

இதனால் பரட்டை அண்ணனை விமர்சனமில்லாமல் ஏற்றிவைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் இயங்கியது ஒரு நிறுவனத்துக்குள். கல்லூரி வளாகத்துச் சிற்றாலயத்தில் பறை ஒலித்ததற்கும், ஊர்ச் சபையில் கமிட்டிக்காரர்கள் முன்னால் அது ஒலிப்பதற்கும் உள்ள தூரம் பெரியது. அங்கே பாட்டைக் கற்ற இளைஞர்கள் பலர் சபைக்கு வந்ததும் பாமாலைக்குத் திரும்பியிருக்கக்கூடும். சம்பளம் கொடுப்பது சபை. நாட்டார் வடிவத்திலேயே புதைந்திருக்கும் சாதியையும் ஆணாதிக்கத்தையும் சொல்லை மாற்றி மட்டும் களைந்துவிடலாமா என்ற கேள்வியும் இருக்கிறது. கூட்டுக்குடும்ப உலையைச் சமத்துவத்தின் படிமமாக்கும்போது, அந்த உலையை ஊதி ஊதிப் புகை தின்றது யார், கடைசியாகச் சாப்பிட்டது யார் என்று ஒரு பெண் கேட்டால் அந்தப் படிமம் கொஞ்சம் ஆடித்தான் போகும். பெற்றவர் என்று கடவுளை அழைத்தவரிடம் இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்டால் அவர் பாட்டை மாற்றியிருப்பார் என்று நம்பவும் காரணம் உண்டு.

7

இப்போது அக்காவின் கேள்விக்கு வருவோம். யாரு போட்டா என்ன?

ஆசிரியன் இறந்துவிட்டான் என்று ரோலான் பார்த் அறிவித்ததைத் தமிழில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பெரிய விவாதமாக நடத்தினோம். பிரதி வாசகனுக்குரியது, சரி. ஆனால் அந்த மரணத்துக்குத் தகுதி பெற முதலில் ஆசிரியனாகப் பிறந்திருக்க வேண்டும். கீர்த்தனையின் அடியில் வேதநாயகத்தின் முத்திரை இருக்கிறது. தலித் உண்டாக்கியது 'வாய்மொழி மரபு', பெயரில்லாதது, எல்லோருடையது. ஆகவே சினிமாக்காரன் எடுக்கலாம், சபை எடுத்து மெருகேற்றலாம், ஆய்வாளன் எடுத்துப் பட்டம் வாங்கலாம். பெயரில்லாமை சிலருக்குத் துறவு, சிலருக்குத் திருட்டு.

எனவே பெயரைச் சொல்ல வேண்டும். ஜே. தியோபிலஸ் அப்பாவு என்ற பரட்டை அண்ணன் என்று முழுசாக, தமிழ் இசை வரலாற்றில், தலித் இலக்கிய வரலாற்றில் எழுத வேண்டும். அது நம் வேலை, எழுதுகிறவர்களின் வேலை. அக்காவின் வேலை அது ஆகாது. அவர் அண்ணன் சொன்னபடி ஏற்கெனவே செய்து முடித்துவிட்டார். பாட்டை எடுத்தார், திருப்பூரைப் போட்டார், திருப்பிக் கொடுத்தார். 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. அப்படியான ஒன்று இனி நடக்குமா என்று சங்கக்காரர்களே சந்தேகப்படுகிற காலத்தில், பீஸ் ரேட்டைப் பற்றிய ஒரு புகார் ஒரு மாடி ஹாலில், கடவுளிடம் சொல்கிற சாக்கில், கும்மி நடையில் எல்லோர் வாயிலும் ஏறியது.

அன்றைக்கு ஆராதனை முடிந்து சாப்பாடு போட்டார்கள். கறிக்குழம்பு. ஆளுக்கு நூறு ரூபாய் போட்டுப் பொங்கியது. வீடு வாடகைக்குக் கேட்டால் ஊர் எது, தெரு எது என்று நூல் விட்டுப் பார்க்கிற ஊரில், ஒரே அண்டாவிலிருந்து முப்பது நாற்பது பேருக்குப் பரிமாறினார்கள். எதிர் லைன் வீட்டில் குடியிருக்கிற ஒடிசாப் பையன்கள் நாலைந்து பேர் படிக்கட்டில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று கமிட்டிக்காரர் யோசிப்பது தெரிந்தது. "சோறு பத்தாதேம்மா" என்றார்.

அக்கா கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "பத்தலைன்னா இன்னொருக்கா ஒலை வையிங்க."